ஆளில்லா மாளிகைக்கு நிலை வெச்சவ

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, தாது வருசத்துப் பஞ்சம் வந்து நாட்டையே சொரண்டித் தின்ன காலத்துல, மருதேரிப்பட்டுன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இருந்துச்சாம்னு இன்னாத்துக்கு சொல்றேன்னா, கதைன்னா அப்படித்தான் ஆரம்பிக்கணும். மத்தபடி அது நம்ம ஊருதான். வேன் வர்ற வரைக்கும் சொல்றேன், கேளுங்க. நம்ம ஊருல பொண்ணு கட்டின புது மாப்பிள்ளைங்க, "பட்டணத்து மியூசியத்துக்கு வருசா வருசம் எதுக்கு ஊரே கெளம்புது"ன்னு கேட்டாங்க. கேட்டது நல்லதுதான். கேக்காம வந்த மாப்பிள்ளை ஒருத்தரு போன வருசம் செத்த திமிங்கலத்தைப் பாத்துகினே நின்னு வேனை வுட்டுட்டாரு.

அந்த மருதேரிப்பட்டு எல்லையில ஒரு வேடியப்பன் கல்லு இருந்துச்சாம். மாடு திருட வந்தவங்களோட சண்டை போட்டு செத்துப்போன ஒரு ஆளுக்கு அந்தக் காலத்து சனங்க நட்ட கல்லு. கையில வில்லு, காலாண்ட ஒரு நாயி. நாயிக்கு ஒரு காது ஒடைஞ்சிருக்கும். ஊருல யாரு வூட்டுல களி கிண்டினாலும் ஒரு உருண்டையை அந்த நாயி வாயாண்ட வெச்சிட்டுத்தான் திம்பாங்களாம். வேடியப்பனுக்கு எண்ணெ, நாயிக்கு களி. அதுதான் வழக்கம்.

அந்த ஊருல பூங்காவனம்னு ஒரு பொம்பளை. அவ புருசன் பேரு ஏகாம்பரம். புள்ளைகுட்டி கெடையாது. மழை பேயலை. ஏரி காஞ்சிது. மாடு செத்துது. கண்டிக்கு காப்பித் தோட்டத்து வேலைக்கு ஆளு புடிக்க வந்தவங்களோட ஏகாம்பரம் கெளம்பினான். "மழை பேஞ்சா வந்துடறேன்"னு சொன்னான். பேயலை, வரலை. ஒவ்வொரு வூடா காலி ஆச்சி. கடைசியா ஊரை வுட்டுக் கெளம்பினவ பூங்காவனம்தான்னு சொல்லுவாங்க. கடைசியா கெளம்பினது எங்க பாட்டன் வூடுன்னு இன்னும் நாலு குடும்பம் சொல்லும். அதை வுடுங்க.

போறப்போ கல்லாண்ட நின்னாளாம். வெக்கறதுக்கு களி இல்லை. வெறும் கையை நாயி வாயாண்ட காமிச்சா.

"போயிட்டு வரேன் சாமி. மழை பேஞ்சா வந்துடறேன். அதுவரைக்கும் வூட்டை நீதான் பாத்துக்கணும். எங்கியும் பூடாதே" அப்படின்னா.

சாமி எங்க போவும்? கல்லு நகருமா? அப்படித்தான் அவளும் நெனைச்சா.

நடந்தா, நடந்தா, பட்டணம் வந்து சேந்தா. பட்டணத்துல அப்போ கவர்மெண்டு ஒரு பெரிய மாளிகை கட்டிகினு இருந்துது. பஞ்சத்துல வந்த சனத்துக்கு அங்க வேலை குடுத்து தானியம் குடுத்தாங்க. பூங்காவனம் சித்தாளா சேந்துட்டா. மேஸ்திரி பேரு எத்திராஜுலு. அதிகம் பேசாத ஆளு. அவரு கீழ ஒரு பெரிய கும்பலே வேலை செஞ்சிது.

இவளுக்கு சுண்ணாம்பு அரவையில வேலை. கிளிஞ்சலைச் சுட்டு, தண்ணி வுட்டு நீத்து, மணலோட சேத்து, காளை சுத்தற அரவையில போட்டு அரைக்கணும். கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணியை அதுல ஊத்துவாங்க. சுவருக்கு மேல்பூச்சு பூசறப்போ தயிரும் முட்டை வெள்ளையும் சேப்பாங்க. அப்போதான் சுவரு கண்ணாடியாட்டம் மின்னுமாம். யோசிச்சுப் பாருங்க. ஊருல கேவுரு கஞ்சிக்கு ஆலாப் பறக்கறாங்க. சுவரு வெல்லம் குடிக்கிது, தயிரு குடிக்கிது, முட்டை திங்கிது. சுண்ணாம்பு கலந்துட்ட வெல்லத் தண்ணியை ஒருத்தி பசி தாங்காம நக்கிப் பாத்து நாக்கு வெந்துபோயி கெடந்தாளாம். இதுல பெருமை ஒண்ணும் இல்லை. ஆனா அந்தச் சுவரு இன்னும் மின்னுது.

மாளிகை மேல மேல ஏறுது. நீட்டு நீட்டா கூடம். தூணுக்குத் தூணு செங்கல் வளைவு. உச்சியில கோபுரமும் இல்லாம மசூதியும் இல்லாம ஒரு குமிழு. ஒரு நாளு கஞ்சி குடிக்கறப்போ பூங்காவனம் கேட்டா.

"மேஸ்திரி, இது யாரு குடியிருக்கற வூடு?"

"யாரும் இல்லை" அப்படின்னாரு எத்திராஜுலு.

"யாரும் இல்லைன்னா?"

"பழைய சாமான் வெக்கறதுக்காம். செத்த பாம்பு, செத்த பறவை, ஒடைஞ்ச செலை, பழைய கத்தி. எல்லாத்தையும் அடுக்கி வெப்பாங்களாம். சனங்க வந்து பாத்துட்டுப் பூடுவாங்களாம்."

"சமைக்க மாட்டாங்களா?"

"அடுப்பே கெடையாது."

கஞ்சி குடிச்சிகினு இருந்தவங்க அல்லாரும் குமிழைத் திரும்பிப் பாத்தாங்களாம். அன்னியிலேந்து அந்த மாளிகைக்கு கூலிக்காரங்க வெச்ச பேரு ஆளில்லா மாளிகை.

அதுகூடப் பரவாயில்லை. இன்னொரு சங்கதி இருந்துது. அந்த மாளிகையில எந்த வாசலுக்கும் நிலை கெடையாது. வூடு கட்டினா முதல்ல நிலை வெப்போம் இல்லையா? வாசக்கால் நிறுத்தி, மஞ்ச தடவி, குங்குமம் வெச்சி, மாவிலை கட்டி, நவதானியத்தைத் துணியில முடிஞ்சி. ஏழை குடிசைக்கும் அது உண்டு. இங்க இஞ்சினீர் தொரை போட்ட படத்துல வெறும் வளைவுதான். வளைவுக்குக் கீழ படி இல்லை, வாசக்கால் இல்லை. தரை அப்படியே உள்ள ஓடுது. இரும்புக் கம்பிக் கதவு பின்னாடி மாட்டுவாங்களாம்.

கொத்தனுங்க முணுமுணுத்தாங்க. நிலை இல்லாத வாசல்ல எது உள்ள, எது வெளியன்னு யாருக்குத் தெரியும்? போறதும் வரும், வர்றதும் போவும். இஞ்சினீர் தொரைக்கும் கூலிக்காரங்களுக்கும் நடுவுல பேச வேதாசலம்னு ஒரு துபாஷி இருந்தாரு. அவரு சிரிச்சாரு. "ஆளே குடியில்லாத வூட்டுக்கு நிலை எதுக்கு?" அப்படின்னாரு.

பெரிய வாசல் வளைவு முடிஞ்சி, அதைத் தாங்கிகினு இருந்த மரச்சட்டத்தைப் பிரிச்சாங்க. பிரிச்ச உடனே வளைவு ஒரு பெருமூச்சு வுட்டுதாம். வுட்டுட்டு விழுந்துது. யாரும் சாவலை. ஒருத்தனுக்குத் தோளு எறங்கிடுச்சி. சுண்ணாம்பு இறுகறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு பிரிச்சதாலன்னு சிலரு சொல்லுவாங்க. நிலை வெக்காததாலன்னு சிலரு சொல்லுவாங்க. நான் பாத்தனா, கேட்டதுதான். ஆனா மறுநாளு ஒரு ஆளும் கரணையைத் தொடலை.

துபாஷி போயி தொரைகிட்ட சொன்னாரு. தொரைக்கு வேலை முடியணும். மழைக் காலத்துக்குள்ள கூரை போடணும்.

"வாசல்ல ஒரு மரச்சட்டம் நிறுத்தினா வேலை செய்வாங்களா?"

"செய்வாங்களாம்."

"அப்போ நிறுத்தச் சொல்லு. ஆனா என் பெரிய வளைவுல வேணாம். கெழக்கால, வண்டியிலேந்து சாமான் எறக்கற சின்ன வாசல் இருக்குதே, அங்க."

அவருக்கு அது சின்ன விசயம். தேக்கு மரத்துல நிலை செஞ்சி கெழக்கு வாசல்ல கொண்டாந்து வெச்சாங்க. நிறுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போதான் பெரிய சிக்கல் வந்துது. நிலைக்கு மஞ்ச தடவறது யாரு?

வூட்டுக்காரிதான் தடவணும். நிலைக்கு மஞ்ச தடவறவதான் வூட்டுக்காரி. அவ வான்னு சொன்னா விருந்து உள்ள வரலாம். அவ சொல்லலைன்னா வாசல்லயே நிக்கணும். அதுதான் முறை.

"இந்த வூட்டுக்காரி யாரு?"ன்னு எத்திராஜுலு கேட்டாரு.

துபாஷி யோசிச்சாரு. "இது கவர்மெண்டு மாளிகை. அப்படிப் பாத்தா சீமையில இருக்கற ராணிதான்."

"ராணிக்கு புருசன் இருக்காரா?"

"அவரு செத்து பல வருசம் ஆவுதே."

"அப்போ ராணி ஆவாது" அப்படின்னாரு எத்திராஜுலு.

ஊரையெல்லாம் ஆண்டாளே அந்த ராணி, மருந்துக்குக்கூட ஒருத்தரும் மாத்திப் பேசலை. ராணி ஆவாதுன்னா ஆவாதுதான். தொரையோட சம்சாரம் இருக்குதே, அவங்களைக் கேக்கலாமான்னா, அவங்க கப்பல் ஏறி சீமைக்குப் போயிருக்காங்க. சரி, நம்ம பொம்பளைங்கள்ல ஒருத்தி வரட்டும்னாரு மேஸ்திரி. ஒருத்தியும் வரலை. ஒரு பொம்பளை ரெண்டு வூட்டுக்கு வூட்டுக்காரியா இருக்க முடியாது. இதுக்கு மஞ்ச வெச்சா, ஊருல இருக்கற சொந்த வூடு காலி ஆயிடும். அந்த பயம்.

அப்போ சுண்ணாம்புக் கையோட பூங்காவனம் எழுந்து வந்தாளாம்.

"நான் வெக்கறேன் மேஸ்திரி."

"யம்மாடி, யோசிச்சிக்க. ஊருல உனக்கு வூடு இல்லையா?"

"இருக்குது. அது ஏற்கெனவே காலிதான்."

"தாலி?"

"தாலி இருக்குது. கட்டினவன் கண்டியில எங்கியோ இருக்கான்."

மஞ்ச வெக்கறவளுக்கு ஒரு சீலையும் ஒரு மொறம் அரிசியும் குடுக்கறது முறை. அந்த அரிசிக்குத்தான் அவ ஒத்துகினான்னு சொல்றவங்க உண்டு. அரிசிக்கு ஒத்துகினா தப்பா? பசிச்சவ அவ. மஞ்சளைக் கரைச்சி நிலைக்குத் தடவினா. குங்குமம் வெச்சா. கற்பூரம் காமிச்சாங்க. நிலையை நிறுத்தினாங்க. மறுநாளே வேலை ஆரம்பிச்சிது. பெரிய வளைவை மறுபடி கட்டினாங்க. இந்தத் தடவை சட்டத்தைப் பிரிக்க பொறுமையாக் காத்துகினு இருந்தாங்க. வளைவு நின்னுது. நிலையால நின்னுதா, பொறுமையால நின்னுதா, அவங்கவங்க இஷ்டம்.

கூலிக்காரங்க அவளைக் கேலியா வூட்டுக்காரின்னு கூப்புடுவாங்களாம். "வூட்டுக்காரி, உன் வூட்டுக் கூரை ஒழுவுது." "வூட்டுக்காரி, உன் கூடத்துல காக்கா பூந்துடுச்சி." அவளும் சிரிச்சிகினே காக்காவைத் தொரத்துவா. கேலியாத்தான் இருந்துது. வண்டிங்க வர்ற வரைக்கும்.

கூரை ஆனப்புறம் வண்டி வண்டியா சாமான் வர ஆரம்பிச்சிது. கவர்மெண்டு ஆளுங்க ஊரு ஊராப் போயி பழைய கல்லு எங்க இருக்குன்னு பாத்து ஏத்தி அனுப்பினாங்க. பஞ்சத்துல ஊரெல்லாம் காலி. எடுக்காதேன்னு சொல்ல ஆளு ஏது? ஒடைஞ்ச தூணு வந்துது. மூக்கில்லாத செலை வந்துது. கெழக்கு வாசல் வழியா கூலிக்காரங்க உள்ள தூக்கினு போனாங்க.

ஒரு நாளு மத்தியானம் வைக்கோல் சுத்தின ஒரு கல்லு வந்துது. எறக்கி வாசலாண்ட சாச்சி வெச்சாங்க. பூங்காவனம் சுண்ணாம்புக் கூடையைத் தலையில வெச்சிகினு அந்தப் பக்கமாப் போனா. வைக்கோல் கொஞ்சம் பிரிஞ்சிருந்துது. உள்ளேந்து ஒரு நாயி மூஞ்சி எட்டிப் பாக்குது. ஒரு காது ஒடைஞ்சிருக்குது.

கூடையை எறக்கி வெச்சா. வைக்கோலைப் பிச்சி எறிஞ்சா. வில்லு. இடுப்புக் கத்தி. அவளே தடவின எண்ணெ, கருப்பா இறுகிப்போயி இன்னும் அப்படியே இருக்குது.

"சாமி, நீ இங்க இன்னா பண்றே?" அப்படின்னு கேட்டாளாம்.

அவ்வளவுதான் கேட்டா. கத்தலை, அழுவலை. கல்லாண்டயே தரையில உக்காந்துட்டா. வூட்டைப் பாத்துக்கன்னு சொல்லிட்டு வந்தவ அவ. பாத்துகினு இருந்த ஆளையே வண்டியில ஏத்திட்டாங்க. இனிமே மழை பேஞ்சாலும் திரும்பிப் போறதுக்கு அந்த ஊருல இன்னா இருக்குது?

கூலிக்காரங்க எண்ணெயைப் பாத்தாங்க. குங்குமத்தைப் பாத்தாங்க. கையை எடுத்துட்டாங்க. இதுவரைக்கும் வந்தது வெறும் கல்லு. இது பூசை வாங்கிகினு இருக்கற சாமி. வூட்டுக்காரி வான்னு சொல்லாம சாமியை எப்படி உள்ள தூக்கினு போறது? அத்தனை பேரும் பூங்காவனத்தைப் பாத்தாங்க. இந்தத் தடவை யாரும் சிரிக்கலை.

துபாஷி வேதாசலம் ஓடி வந்தாரு. "இன்னா நிக்கறீங்க, தூக்குங்க."

"வூட்டுக்காரி சொல்லணும்" அப்படின்னாங்க.

"இது எங்க ஊரு சாமி" அப்படின்னா பூங்காவனம். "வண்டியைத் திருப்பி அனுப்புங்கய்யா."

"யாருகிட்ட அனுப்பறது? ஊருல யாரு இருக்கா?"

ஊருல யாரும் இல்லைன்னு அவளுக்குத்தான் நல்லாத் தெரியும். கடைசியா வந்தவ அவதானே.

துபாஷி மேஸ்திரி பக்கம் திரும்பினாரு. "எத்திராஜுலு, தொரை சாயங்காலம் வருவாரு. கல்லு வெளிய கெடந்துதுன்னா உன் கும்பலுக்கு நாளைக்கு வேலை கெடையாது. நான் சொல்லலை, அவரு சொல்லுவாரு."

வேலை இல்லைன்னா தானியம் இல்லை. தானியம் இல்லைன்னா அந்தக் கும்பல்ல இருக்கற புள்ளைங்க கதி இன்னான்னு அல்லாருக்கும் தெரியும். வழியெல்லாம் பாத்துகினுதானே வந்தாங்க. வான்னு சொன்னா சாமி இந்த வூட்டோட சாமான் ஆயிடும். அப்புறம் ஊருக்கு சாமி கெடையாது, அவ குடுத்த வாக்கும் கெடையாது. சொல்லலைன்னா இத்தனை வயிறு பட்டினி. ஒரு வார்த்தைதான். அதை எந்தப் பக்கம் சொன்னாலும் அவளுக்கு நஷ்டம்தான்.

எத்திராஜுலு அவளை வற்புறுத்தலை. பக்கத்துல வந்து குத்துக்கால் வெச்சி உக்காந்தாரு. "நீ வேணாம்னா வேணாம், யம்மாடி. உன் வூடு. நீ சொல்றதுதான்" அப்படின்னாரு.

அந்த மனுசன் திட்டியிருந்தா அவளுக்கு சுலபமா இருந்திருக்கும்னு எனக்குத் தோணும்.

பூங்காவனம் எழுந்து போனா. தொட்டியில கையைக் கழுவினா. சுண்ணாம்பு போற வரைக்கும் தேய்ச்சிக் கழுவினா. நிலையில இருந்த குங்குமத்தைத் தொட்டு நெத்தியில வெச்சிகினா. வாசலுக்கு உள்பக்கம் போயி நின்னா. வேடியப்பனை நேராப் பாத்தா.

"வந்துட்டுப் போ சாமி" அப்படின்னா.

வான்னு சொல்லலை. வந்துட்டுப் போன்னு சொன்னா. குடியிருக்க வர்றவங்களை அப்படிக் கூப்புடுவமா? மாட்டோம். விருந்தாளியைத்தான் அப்படிக் கூப்புடுவோம். கல்யாணம் காச்சின்னா, வந்துட்டுப் போங்கன்னு சொல்லுவோம். வந்தவங்க போயிடணும், அதுதான் கணக்கு.

"இன்னா சொன்னா?"ன்னு துபாஷி கேட்டாரு.

"வான்னு சொன்னா" அப்படின்னாரு எத்திராஜுலு. அவருக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும்.

தூக்கினாங்க. வேடியப்பன் நிலையைத் தாண்டி உள்ள போனாரு, கூடவே நாயும். கூடத்துல ஒரு மேடை கட்டி அதுல கல்லை நிறுத்தறதுக்கு சுண்ணாம்பு கேட்டாங்க. அரைச்சிக் குடுக்க வேண்டியதும் அவதான். கூடையைக் குடுக்கறப்போ மேஸ்திரி காதாண்ட சொன்னாளாம். "இவருக்கு கொஞ்சம் எளசாப் போடு மேஸ்திரி. எழுந்துக்கறப்போ காலு சிக்கிக்கக் கூடாது." அவரு எளசாப் போட்டாரா, கெட்டியாப் போட்டாரா, அது அவரோட போச்சி. அந்தக் கல்லு இன்னிக்கும் லேசா ஆடும்னு நம்ம ஊருல சொல்லுவாங்க. தொட்டுப் பாக்க வுட மாட்டாங்க, அதனால சொல்லிகினே இருக்கலாம்.

மாளிகை முடிஞ்சிது. மழையும் வந்துது. அப்படி ஒரு மழை. ஏரி ரொம்பிச்சின்னு சேதி வந்துது. கும்பல் கும்பலா சனங்க ஊருக்குத் திரும்பினாங்க. மருதேரிப்பட்டு ஆளுங்க வந்து, "யக்கா, கெளம்பு போலாம்"ன்னு கூப்புட்டாங்க.

"நான் எப்படி வர்றது? விருந்தாளி உள்ள இருக்காரே. விருந்தாளியை வுட்டுட்டு வூட்டுக்காரி கெளம்புவாளா?" அப்படின்னா.

பைத்தியம்னு சொன்னாங்க. சொல்லுங்கன்னா. எத்திராஜுலு சொல்லி அவளுக்கு அங்கியே பெருக்கற வேலை கெடைச்சிது. கெழக்கு வாசலுக்கு எதிரால ஒரு குடிசை போட்டுகினா. காலையில கூடத்தைப் பெருக்குவா. ஆளு இல்லாத நேரம் பாத்து நாயி வாயாண்ட களி உருண்டை வெப்பா. அப்புறம் அதை எடுத்து அவளே தின்னுடுவா. இல்லைன்னா எறும்பு வந்து வம்பு ஆயிடும்.

அப்புறம் ஏகாம்பரம் வந்தான். ஆமா, சாவலை. கண்டியிலேந்து ஊருக்கு வந்து, வூடு பூட்டியிருக்கறதைப் பாத்து, விசாரிச்சி, பட்டணத்துக்கு வந்துட்டான். வாசல்ல பெருக்கிகினு இருந்தவளைப் பாத்துட்டு நின்னான். ரெண்டு பேரும் அடையாளம் தெரியாம எளைச்சிப் போயிருந்தாங்களாம்.

"வந்துட்டியா" அப்படின்னா அவ.

"வந்துட்டேன். வா, ஊருக்குப் போலாம்."

"அவரு வந்தா நானும் வரேன்" அப்படின்னு உள்ள கையைக் காமிச்சா. "அவரை எந்த நேரத்துலயும் நான் வுட்டுட்டுப் போவ மாட்டேன். வாயைத் தொறந்து கூப்புட்டு உக்கார வெச்சவ நான்."

நடந்ததையெல்லாம் அவ சொல்லக் கேட்டுட்டு ஏகாம்பரம் உள்ள போனான். கூட்டத்தோட கூட்டமா நின்னு வேடியப்பனைப் பாத்தான். "சாமி, வந்துட்டுப் போன்னுதானே அவ கூப்புட்டா. வந்தது போதும், கெளம்பு" அப்படின்னான். கல்லு எங்க கெளம்பும்? வெளிய வந்தான். வாசல்ல அவளோட உக்காந்து அவ குடுத்த களியைத் தின்னான். "சரி, அடுத்த வருசம் வரேன்"னு சொல்லிட்டுப் போனான். அவனுக்கு நிலம் இருந்துது, ஏரியில தண்ணி இருந்துது. ஊரா, சாமியா, ரெண்டுல ஒண்ணை வுடணும். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணை வுட்டாங்க. இதுல யாரு பண்ணது சரின்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது.

வருசா வருசம் மொத மழைக்கு அப்புறம் ஏகாம்பரம் பட்டணத்துக்குப் போவான். கெளம்பு சாமின்னு கூப்புடுவான். அவளோட உக்காந்து களி திம்பான். திரும்பி வந்துடுவான். இங்க எல்லையில, கல்லைப் பேத்த எடத்துல பெரிய குழி இருந்துது. மாடு விழுந்துடப் போவுதுன்னு மண்ணைக் கொட்டி மேடாக்கினான். பொழுது சாயறப்போ அந்த மேட்டு மேல உக்காந்து ரோட்டைப் பாத்துகினு இருப்பான். போறவங்க வர்றவங்க கேப்பாங்க.

"இன்னா ஏகாம்பரம், யாருக்குக் காத்துகினு இருக்கே?"

"வருவா" அப்படிம்பான்.

அந்த ஒரு வார்த்தைதான். கேட்டுக் கேட்டு அந்த மேட்டுக்கே வருவா மேடுன்னு பேரு வந்துடுச்சி.

அவ அங்கியே செத்தா. பட்டணத்து சுடுகாட்டுலதான் எரிச்சாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி எத்திராஜுலு, அவரும் அப்போ கெழம், அவளைத் தூக்கினு போயி கெழக்கு வாசல்ல நிலையாண்ட ஒரு நிமிசம் எறக்கி வெக்கச் சொன்னாராம். வூட்டுக்காரி நிலையைத் தாண்டித்தானே வெளிய போவணும்னாரு. யாரும் தடுக்கலை.

அதுக்கு அடுத்த வருசமும் மழை பேஞ்சிது. ஏகாம்பரம் கெளம்பினான். "எதுக்குப் போறே, அவதான் இல்லையே"ன்னு ஊருல கேட்டாங்க. "அவரு வந்தா நானும் வரேன்னு சொல்லியிருக்கா. அவரைக் கூப்புட்டா அவளும் வருவா"ன்னு சொல்லிட்டுப் போனான். தள்ளாத வயசு வந்தப்புறம் ஊரு ஆளுங்க துணைக்குப் போனாங்க. அவன் செத்தப்புறம் அவன் இல்லாமயே போனாங்க. அதைத்தான் நாம இன்னிக்கும் பண்றோம். டிக்கெட் வாங்கணும், சாமியைப் பாக்கறதுக்கு. வாங்கிக்குங்க, வம்பு பண்ணாதீங்க. நம்மள்ல வயசான பொம்பளை ஒருத்தி கல்லு முன்னாடி நின்னு, "வந்தது போதும், கெளம்பு சாமி"ன்னு சொல்லுவா. கொஞ்ச நேரம் நிப்போம். அப்புறம் "சரி, அடுத்த வருசம்"னு சொல்லிட்டு கெழக்கு வாசல் வழியா வருவோம். நிலையில மஞ்ச தடவுவோம். காவல்காரரு வேற பக்கம் பாத்துக்குவாரு. நல்ல மனுசன்.

அதெல்லாம் சரி, பஸ் ஸ்டாப்புல வருவார் மேடுன்னுதானே போர்டு வெச்சிருக்காங்கன்னு மாப்பிள்ளைங்க கேக்கலாம். போர்டு எழுத வந்த கவர்மெண்டு ஆளு, ஊருல விசாரிச்சானாம். சாமி இருந்த மேடு, திரும்ப வரும்னு சனங்க காத்துகினு இருக்காங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. சாமிக்குப் போயி மரியாதை இல்லாம "வருவா"ன்னா பேரு வெப்பாங்க, எழுதத் தெரியாத சனம்னு நெனைச்சிகினு, அவனே ஒரு ர் சேத்து வருவார் மேடுன்னு எழுதிட்டுப் பூட்டான். அவன் மேல தப்பு இல்லை. இப்போ கேக்கறவங்களுக்கெல்லாம் அது சாமிக்கு வெச்ச பேருதான்.

அதோ வேன் வந்துடுச்சி. களி பாத்திரம் யாருகிட்ட இருக்குது, பத்திரமா வெச்சிக்குங்க. சாயங்காலம் பஸ்ஸுல திரும்பி வர்றவங்க இருப்பீங்க. கண்டக்டரு எங்க எறங்கணும்னு கேட்டா, போர்டுல இருக்கறதைச் சொல்லாதீங்க. நம்ம ஊருல அந்த ர்-ஐ யாரும் சொல்றதில்லை.